அறுபத்தாறு ஜோடிகள், மூன்று வாரம்

இன்று மத்தியானம் துறையின் இரும்பு அலமாரியைக் காலி செய்யச் சொன்னார்கள். அடுத்த மாதம் ஆய்வுக் குழு வருகிறதாம். அதற்குள் ஐந்து வருடக் கோப்புகளும் அட்டை மாற்றி, எண் போட்டு, வரிசையாக நிற்க வேண்டும். கீழ்த்தட்டில், பழைய விடைத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் உன் மார்க்கர் பை கிடந்தது. ஜிப்பை இழுக்க முடியவில்லை, பிய்த்துத்தான் திறந்தேன். உள்ளே மூன்று மார்க்கர்கள்: கறுப்பு, சிவப்பு, பச்சை. பச்சையை எடுத்து மூடியைக் கழற்றினேன். மை காயவில்லை. அந்தக் காரமான வாசனை மூக்கில் ஏறியதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அழுகை வரவில்லை. அசதிதான் வந்தது. இப்போதெல்லாம் எதற்கும் முதலில் அசதிதான் வருகிறது.

இருப்பது கறுப்பு, போவது சிவப்பு, புதிதாக வருவது பச்சை. வெள்ளைப் பலகையில் நீ வரையும் எல்லாப் படத்துக்கும் அதுதான் முறை. யாராவது கறுப்பு மார்க்கரைச் சும்மா எடுத்துப் பெயர்ப்பட்டியல் எழுதினால், "யம்மா, அது என் சோறு, வை கீழ" என்று பிடுங்கிக்கொள்வாய்.

நாம் பழகியது கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில். நீ திண்டிவனத்திலிருந்து வருவாய், நான் விழுப்புரத்திலிருந்து. இரண்டு பேரும் நெடுஞ்சாலையில் இறங்கி, மயிலம் போகிற பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். ஒரே கல்லூரி, ஒரே கணினித் துறை, இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வருடாவருடம் புதுப்பிக்கும் தற்காலிக ஆசிரியர் ஆணை. முதல் வருடம் தலையசைப்போடு சரி. இரண்டாம் வருடம் ஒரு மழை நாளில் பஸ் வராமல் போனது. ஷேர் ஆட்டோவில் ஏழு பேரோடு நசுங்கிக்கொண்டு போனபோது நீ கேட்டாய்: "செல்வி, நீயும் பி.எச்டிக்குப் போடப்போறியாமே? வா பா, ரெண்டு பேரும் சேர்ந்தே போட்டுக்கலாம். தனியா போனா பாதியில உட்டுடுவேன்."

பாதியில் விட்டது நான்.

ஒரே வழிகாட்டியிடம் பதிவு செய்தோம். நாம் எடுத்த ஆராய்ச்சித் தலைப்பைப் பற்றிய முதல் கட்டுரையைத் தேடி எடுத்து, ஜெராக்ஸ் போட்டு உன்னிடம் கொடுத்தது நான். அதை நீ எப்போதும் எல்லோரிடமும் சொல்வாய். எனக்கு இரண்டு வருடம் ஓடியது. வீட்டில் மாமியாருக்கு முடியாமல் போனது, பையனுக்குப் பள்ளிக்கூடம், எனக்கு வாரத்துக்கு இருபத்திரண்டு வகுப்பு. ஒரு நாள் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே வரியை ஆறு தடவை படித்தேன். ஏழாவது தடவை மூடிவிட்டேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. "சரி பா, உடம்பப் பாத்துக்கோ" என்றாய். உனக்கும் அதே இருபத்திரண்டு வகுப்புதான். நீ மட்டும் விடவில்லை.

என்னதான் அப்படிப் படிக்கிறாய் என்று உன் வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டாரே, நினைவிருக்கிறதா? கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தேன். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்; வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர். பிரியாணித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நீங்க மொதல்ல பிளான் போடறீங்க, அப்பறம் ஒயர் இழுக்கறீங்க இல்ல?" என்றாய். "எங்களுக்குப் பிளான் போட்டா போதும். புரோகிராமை மெஷினே எழுதிக்கும். ஆனா நாம போடற பிளான் மனுஷனுக்குப் புரியற மாதிரி இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமா மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக்கினே போவணும். பிளான்னா இன்னா? பெட்டிங்க, நடுவுல கோடுங்க. அவ்ளோதான். இந்த மாதிரி ஒரு துண்டு இருந்தா அதை எடுத்துட்டு இதை வை. அது ஒரு ரூல். அந்த மாதிரி பதினொரு ரூல் வெச்சிருக்கேன்."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "பதினொண்ணுல எதை மொதல்ல போடணும்னு யாரு சொல்றது?"

நீ கையைத் தட்டிவிட்டாய். "பாத்தியா செல்வி! என் கைடு ஒரு வருஷம் கழிச்சிக் கேட்டதை இவரு பிரியாணி துன்னுக்கினே கேட்டுட்டாரு." அவர் பக்கம் திரும்பிச் சொன்னாய்: "யாரும் சொல்லக் கூடாது. எதை மொதல்ல போட்டாலும் கடைசியில ஒரே பிளான்தான் வரணும். வரும்னு நிரூபிக்கறதுதான் என் தீசிஸ்."

"வரலைன்னா?"

"வரலைன்னா அஞ்சு வருஷம் அம்போ."

மூன்று பேரும் சிரித்தோம்.

பதினொரு விதிகளில் எந்த இரண்டு ஒன்றோடொன்று மோதும் என்று ஜோடி ஜோடியாகப் பார்க்க வேண்டும். ஒரு விதி தன்னோடு தானே மோதுவதையும் சேர்த்தால் அறுபத்தாறு ஜோடிகள். சாப்பாட்டு நேரத்தில் ஆய்வகத்தின் மூலைக் கணினியில் அவற்றை ஓடவிட்டு, அது யோசித்துக்கொண்டிருக்கும்போது நீ விடைத்தாள் திருத்துவாய். ஒவ்வொரு ஜோடி முடிந்ததும் நோட்டில் ஒரு டிக். அறுபத்தாறாவது டிக் போட்ட அன்று எனக்கு ஒரு கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாய். "இனிமே எழுதறதுதான் பா" என்றாய். உன் கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம் இருந்தது. உன்னைவிட நான் களைப்பாக இருந்தேன் என்று நினைக்கிறேன். ஒன்றும் செய்யாமலே.

அப்புறம் ஒரு மதிப்பீட்டாளர் உன் கட்டுரையைப் படித்துவிட்டு, ஏழாவது விதி மிகவும் குறுகலாக இருக்கிறது, விரித்து எழுது என்று குறிப்பு அனுப்பினார். ஏழாவது, யாருக்கும் தேவைப்படாத பெட்டியைத் தூக்கி எறிகிற விதி. ஒரு கோடு கூட இல்லாத பெட்டியை மட்டும்தான் முதலில் அது தூக்கும். நீ அதை விரித்தாய். மற்ற பெட்டிகள் எதுவும் அதைத் தேடி வராவிட்டால் போதும் என்று மாற்றினாய். மோதும் என்று தோன்றிய நாலைந்து ஜோடிகளை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தாய். மிச்சத்தைப் பார்க்கவில்லை. நேரம் இல்லை. தேர்வுப் பணி வந்துவிட்டது. அதற்குள் உன் அம்மா இறந்துபோனார்கள்.

அடக்கத்துக்கு நான் வந்திருந்தேன். நீ கல்லறைத் தோட்டத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "ஒரு பத்து நாள் என் லேப் கிளாஸை நீ பாத்துக்கோ பா" என்றாய். பார்த்துக்கொண்டேன். அந்த வகுப்பில்தான் அது நடந்தது.

சனிக்கிழமை மத்தியானம். மாணவர்களுக்கு உன் கருவியை ஓட்டிக் காட்ட எளிதாக ஒரு படம் போட்டேன். 'ஆள்' என்று ஒரு பெட்டி. அதன் கீழே 'ஆசிரியர்'. அதன் கீழே 'தற்காலிக ஆசிரியர்', அதற்குள் ஒப்பந்த நாள், முடியும் நாள் என்று சில விவரங்கள். ஓட்டினேன். கீழ்ப்பெட்டியை மேல்பெட்டிக்குள் சேர்க்கிற நாலாவது விதி வேலை செய்தது. தற்காலிக ஆசிரியரின் விவரமெல்லாம் ஆசிரியர் பெட்டிக்குள் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தது. மாணவர்களுக்குக் காட்டத்தான், வரிசையை மாற்றி மறுபடி ஓட்டினேன். எப்படி ஓட்டினாலும் ஒன்றுதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். இந்தத் தடவை ஏழாவது விதி முந்திக்கொண்டது. தற்காலிக ஆசிரியரிலிருந்து மேலே ஒரு கோடு போனதே தவிர, அதைத் தேடி எந்தக் கோடும் வரவில்லை, ஆகவே தேவையில்லாத பெட்டி. தூக்கி எறிந்துவிட்டது. விவரங்களும் அதோடு போய்விட்டன.

மாணவர்கள் கவனிக்கவில்லை. மணி அடித்தது, போய்விட்டார்கள். நான் இன்னும் மூன்று தடவை ஓட்டினேன். பிறகு ஒரு காகிதத்தில் நாலு, ஏழு என்று எழுதி நடுவில் ஒரு கோடு போட்டேன். கீழே அந்தப் படத்தை வரைந்தேன், மூன்றே மூன்று பெட்டி. உன் தீசிஸின் ஐந்தாவது அத்தியாயத்தில் இருக்கிற நிரூபணத்தை உடைக்க அவ்வளவு போதும். காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

உன் அம்மாவைப் புதைத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நீ திரும்பி வந்தாய். முகம் சுருங்கியிருந்தது. நேராக வந்து ஐந்தாவது அத்தியாயத்தை என் மேஜையில் வைத்தாய். "கண்ணு எரியுது பா. எழுத்தெல்லாம் ஓடுது. நீ ஒரு தபா பாத்துக் குடேன்."

இரண்டு நாள் வைத்திருந்தேன். விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எந்த இடத்தில் உடைகிறது என்று எனக்குத் தெரியும். பக்கம் தெரியும், வரி தெரியும். அந்த வரியில் விட்டுப்போன ஒரு கமாவைப் போட்டேன். அடுத்த பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழை. அதையும் திருத்தினேன். "நல்லா இருக்குது" என்று கொடுத்தேன். "நீ பாத்துட்டா எனக்கு நிம்மதி" என்று நீ வாங்கிக்கொண்டு போனாய்.

அதற்கும் பன்னிரண்டு நாள் கழித்து, விழுப்புரத்தில் ரயில்வே ஜங்ஷன் பக்கம் இருக்கிற பைண்டிங் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். கடைக்காரர் உன் பென்டிரைவைச் செருகினார்.

"எத்தினி காப்பி மேடம்?"

"அஞ்சு. அட்டை நீலம். எழுத்து தங்கக் கலர்ல."

அவர் மவுஸை அழுத்தப் போனார். என் வாய் தானாகத் திறந்தது. "போடாதீங்க."

நீ திரும்பினாய். "ஏன் பா?"

"ஏழாவது ரூலும் நாலாவதும் இடிக்குது."

"எங்க இடிக்குது? அதெல்லாம் பாத்தாச்சி."

"ரூலை மாத்தின பிறகு பாக்கல நீ." பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். மடிப்பு நைந்து போயிருந்தது. அதை நீ அப்போது கவனித்தாயா என்று தெரியவில்லை. ஒரு நிமிஷம் பார்த்தாய். உனக்கு அரை நிமிஷம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

"எப்ப பாத்த இதை?"

"நேத்து."

"மேடம், போடவா வாணாவா? பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க, ஜல்தி சொல்லுங்க," என்றார் கடைக்காரர்.

"வாணாங்க" என்றாய். பென்டிரைவை நீயே பிடுங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பஸ் நிலையம் பக்கம் நடந்தாய். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. அன்று சாயங்காலமே அந்தப் படத்தின் ஃபைலை உனக்கு மெயிலில் அனுப்பினேன். பதில் இல்லை.

நாலு மாதம் நீ என்னோடு பேசவில்லை. கூட்டேரிப்பட்டில் நீ ஒரு கோடியில், நான் ஒரு கோடியில். நடுவில் 'மல்லாட்டை' என்று கூவி வேர்க்கடலை விற்கிற அம்மா ஒரு நாள் என்னைக் கேட்டே விட்டார்: "இன்னா டீச்சர், ரெண்டு பேருக்கும் சண்டையா?" இல்லை என்றேன். நீ அவகாசம் நீட்டிக்கக் கேட்டு எழுதினாய். மூலைக் கணினியில் மறுபடி உட்கார்ந்தாய். அறுபத்தாறையும் முதலிலிருந்து. நோட்டில் டிக் போடும் சத்தம்கூட என் மேஜைக்குக் கேட்கும்.

ஐந்தாவது மாதம் ஒரு காலையில் என் மேஜையில் ஒரு காகிதம் வந்து விழுந்தது. நிமிர்ந்தால் நீ. "ஒரு கண்டிஷன் போட்டேன். மேல அம்மாப் பெட்டி இருக்கறதை ஏழாவது ரூல் தொடக் கூடாது. அவ்ளோதான். இப்ப எப்படி ஓட்டினாலும் ஒண்ணுதான் வருது. நீ ஓட்டிப் பாரு."

ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுதான் வந்தது.

"தற்காலிக ஆசிரியரு தேவையில்லன்னு தூக்கிப் போட்டுக்கினு இருந்திருக்கேன் பா," என்றாய். "நம்மளையே அழிச்சிக்கினு இருந்திருக்கேன்." சொல்லிவிட்டு நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். துறைத் தலைவர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். "ஆனா எவ்ளோ பேஜாரு பண்ணிட்ட நீ" என்று என் முதுகில் ஒரு அடி வைத்தாய்.

உன் வாய்மொழித் தேர்வுக்கு அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சுற்றி வளைக்காமல் கேட்டார்: ஏழாவதும் நாலாவதும் மோதாதா? நீ பச்சை மார்க்கரை எடுத்து, அந்த நிபந்தனையை வரைந்து காட்டினாய். அவர் தலையை ஆட்டினார். அண்ணனுக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. ஆனால் அந்தத் தலையாட்டல் அவருக்குப் புரிந்தது. கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று எனக்கு ஒரு பிரதி கொடுத்தாய். உள்ளே எல்லாம் ஆங்கிலம், நன்றிப் பக்கத்தின் கடைசி வரி மட்டும் தமிழில். 'நேற்றுப் பார்த்ததை இன்றே சொன்ன தோழி செல்விக்கு.' எல்லோர் முன்னாலும் அதைச் சத்தமாகப் படித்தாய். நான் சிரித்தபடி நின்றேன். பிறகு அந்தப் பிரதியைப் பையில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் என்று பெயர்ப்பலகை மாறியது. மற்றபடி எதுவும் மாறவில்லை. அதே இருபத்திரண்டு வகுப்பு, அதே பஸ். இரண்டு வருடம் கழித்து உன் வயிற்றில் கட்டி என்றார்கள். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு நான் வாரத்துக்கு ஒரு நாள் வந்தேன். ஒவ்வொரு வாரமும் நீ கொஞ்சம் சிறியவளாக இருந்தாய்.

கடைசியாகப் பேசிய அந்த மத்தியானம், அண்ணன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ துணி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தேன். "அந்தத் தப்பை நான் நேத்து பாத்தேன்னு சொன்னேன் இல்ல..."

"தெரியும் பா," என்றாய். குரல் மெதுவாக இருந்தாலும் தெளிவாக இருந்தது. "நீ அனுப்பின ஃபைலுக்குள்ளயே தேதி இருக்குதே. அன்னிக்கே பாத்துட்டேன். மூணு வாரம்."

ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டேன். "அப்ப நாலு மாசம் பேசாதது..."

"அதுக்குத்தான். தப்பு கண்டுபிடிச்சா யாராவது கோவப்படுவாங்களா? அஞ்சாவது சாப்டரைக் குடுத்தா கமா போட்டுக் குடுத்த நீ." கொஞ்சம் மூச்சு வாங்கினாய். "அவருதான் சொன்னாரு. அம்மாவைப் பொதச்சிட்டு வந்து நிக்கறவகிட்ட யாருடி இதைச் சொல்லுவாங்க, பாவம், அது உள்ளுக்குள்ள எப்படித் தவிச்சுதோன்னாரு. யோசிச்சுப் பாத்தேன். சரின்னு பட்டுது. அதான் நன்றியில அப்படிப் போட்டேன். மூணு வாரம்னு யாராவது கேட்டா உனக்கு அசிங்கம் இல்ல?"

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். நீ கையை நீட்டி என் மணிக்கட்டைத் தொட்டாய். "நல்ல மனசு பா உனக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டாய். நான் 'ஆமாம்' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. அண்ணன் மருந்துப் பையோடு வந்துவிட்டார். அடுத்த வாரம் நான் வந்தபோது உனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. திண்டிவனத்தில் உன் அம்மாவுக்குப் பக்கத்திலேயே உன்னை வைத்தார்கள்.

இப்போது மாணவர்கள் படம்கூட வரைவதில்லை. வேண்டியதைத் தட்டச்சு செய்து கேட்டால் கணினியே முழு நிரலையும் எழுதித் தருகிறது. சரியா தவறா என்று யாரும் ஓட்டிப் பார்ப்பதும் இல்லை. சொல்லி அலுத்துவிட்டேன். உன் கருவி மூலைக் கணினியில் இருந்தது, அந்தக் கணினியையே போன வருடம் பழசு என்று கழிவில் போட்டுவிட்டார்கள். அண்ணன் எப்போதாவது போன் செய்வார். ஒயரிங் வேலைக்கு விழுப்புரம் பக்கம் வந்தால் எட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும், "அவளுக்கு நீதான்மா எல்லாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அவருக்கு ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கொடுப்பதற்குள் எனக்கு மேல்மூச்சு வாங்கும்.

ஆகவே உனக்கே சொல்கிறேன். தவிப்பு இல்லை. நீ திரும்பி வந்த பிறகு இல்லவே இல்லை. அந்தக் காகிதம் என் பையில் இருந்த நாட்களில் நான் நிமிர்ந்து நடந்தேன். நிறுத்தத்தில் நீ சோர்ந்து நிற்கும்போது பக்கத்தில் நின்று, உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். முதல் கட்டுரையைத் தேடி எடுத்தது நான், பட்டம் மட்டும் உனக்கா என்று நினைத்தேன். தேர்வாளர் யாராவது கண்டுபிடிக்கட்டும், நான் ஏன் சொல்ல வேண்டும் என்றும் ஒரு நாள் நினைத்தேன். கடையில் எது என் வாயைத் திறந்தது என்று எனக்குத் தெரியாது. நல்ல மனசு என்று நீ சொன்னாய். அந்த மனசுக்கு அதில் பங்கு உண்டா என்று இத்தனை வருடமாகத் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

மொத்தம் மூன்று வாரம். அதில் முதல் வாரம் உன் அம்மாவுக்காக. மீதி இரண்டும் எனக்காக. அன்று ஆஸ்பத்திரியில் இதைத்தான் சொல்ல வந்தேன். நீ மன்னித்தது முதல் வாரத்தை மட்டும்தான். அந்த இரண்டு வாரம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.